ஹார்ம் என்ற சொல்லை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது: ஆங்கிலம் புதிதாகக் கற்பவர்களுக்கு

அகராதியில் ஹார்ம் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு தீங்கு, கேடு, கெடுதல் என்று பொருள் போட்டிருக்கும். அதைப் படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். ஆனால் நாமே ஒரு வாக்கியம் எழுத உட்காரும்போது கால் வலிக்கிறது என்பதற்கு "மை லெக் ஹார்ம்ஸ்" என்றும், கார் இடிபட்டதற்கு "த கார் வாஸ் ஹார்ம்ட்" என்றும், யாரோ மனசை நோகடித்ததற்கு "ஹி ஹார்ம்ட் மை ஃபீலிங்ஸ்" என்றும் எழுதிவிடுகிறோம். மூன்றுமே ஆங்கிலக் காதுக்கு உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்பதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

முதல் படி: பொருளைச் சரியாகப் பிடியுங்கள்

ஹார்ம் என்பது அடியும் இல்லை, வலியும் இல்லை. ஒருவரோ ஒன்றோ முன்பு இருந்ததைவிட மோசமான நிலைக்குப் போய்விட்டது என்பதுதான் அதன் பொருள். அடி என்பது நடந்த செயல், வலி என்பது உணர்வு, ஹார்ம் என்பது கடைசியில் மிஞ்சும் கெடுதல். இந்த மூன்றும் சேர்ந்தே வர வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

தடுப்பூசியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊசி குத்தும்போது வலிக்கிறது, குழந்தை அழுகிறது. ஆங்கிலத்தில் "இட் ஹர்ட்ஸ்" என்பார்கள். ஆனால் அதனால் குழந்தை கெட்டுப்போகவில்லை, அதனால் ஹார்ம் இல்லை. இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஈயம். பழைய பெயின்டிலோ குழாயிலோ இருக்கும் ஈயம் குழந்தையின் உடம்புக்குள் போகும்போது வலிக்காது, காயம் இருக்காது, பெரும்பாலும் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. ஆனால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கிறது. ரத்தத்தில் இவ்வளவு ஈயம் வரை இருந்தால் பாதுகாப்பு என்று சொல்ல ஒரு அளவே இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி துளியும் இல்லை, ஹார்ம் மட்டும் முழுசாக இருக்கிறது. ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் அப்படித்தான், சுவாசித்த நாளில் ஒன்றும் ஆகாது, நோய் பல பத்து வருடங்கள் கழித்து வரும்.

அதனால் ஹார்ம் போடலாமா என்று சந்தேகம் வந்தால் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: யாருக்கு, எது, முன்பைவிட மோசமானது? இதற்குப் பதில் வந்தால் அந்தச் சொல் பொருந்தும். பதில் "வலிக்கிறது" என்று மட்டும் இருந்தால் வேறு சொல் தேடுங்கள்.

சொல்லின் வரலாறும் இதற்கு ஒத்துப்போகிறது. பழைய ஆங்கிலத்தில் இதற்கு உடல் கேடு மட்டுமல்லாமல் துயரம், அவமதிப்பு என்ற பொருள்களும் இருந்தன. ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பான ஹார்ம் இன்றும் மனத்துயரத்தையே குறிக்கிறது. உடம்பைத் தாண்டி மனம், பெயர், வாழ்க்கை என்று எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்துவது புதிதாக வந்த வழக்கமே இல்லை. ஆனால் ஹார்மனி, ஹார்மோனியம் எல்லாம் இதோடு சம்பந்தப்பட்டவை என்று நினைத்துவிடாதீர்கள். அவை கிரேக்கத்திலிருந்து வந்த வேறு குடும்பம்.

உச்சரிப்பு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஹ ஒலியை விட்டுவிட்டால் அது ஆர்ம் ஆகிவிடும், கை என்று பொருள் மாறிவிடும். ஆ நீளமாக வர வேண்டும், கடைசியில் ம் என்று வாயை மூடி நிறுத்த வேண்டும், "ஹார்மு" என்று உகரம் ஒட்டக் கூடாது. பிரிட்டிஷ் உச்சரிப்பில் நடுவில் உள்ள ர் கேட்காது, அமெரிக்க உச்சரிப்பில் கேட்கும். இரண்டும் சரி, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஃபார்ம், சார்ம் இரண்டும் இதே ஓசை, கூடவே சேர்த்துச் சொல்லிப் பழகினால் சீக்கிரம் படிந்துவிடும்.

இரண்டாம் படி: ஹர்ட், இஞ்சுரி, டேமேஜ் மூன்றிலிருந்தும் பிரித்துப் பாருங்கள்

என் அனுபவத்தில் குழப்பத்தில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கிறது, அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஹர்ட் வலியோடு சேர்ந்த சொல். கால் வலித்தாலும் மனசு வலித்தாலும் ஹர்ட்தான். "மை லெக் ஹர்ட்ஸ்" என்பதில் காலே எழுவாய், செயப்படுபொருள் தேவையில்லை. ஹார்ம் அப்படித் தனியாக நிற்காது. வினையாக வந்தால் எதை, யாரை என்ற கேள்விக்குப் பதில் கூடவே இருந்தாக வேண்டும். அதனால்தான் "மை லெக் ஹார்ம்ஸ்" தவறு. தெரியாமல் ஒருவர் காலை மிதித்துவிட்டால் "டிட் ஐ ஹர்ட் யூ?" என்று கேளுங்கள்; அங்கே ஹார்ம் போட்டால் ஏதோ பெரிய பாதகம் செய்துவிட்டு விசாரிக்கிற மாதிரி இருக்கும்.

இஞ்சுரி என்பது காயம். எலும்பு முறிவு, தசைப்பிடிப்பு, வெட்டு என்று சுட்டிக்காட்ட முடிந்தவை எல்லாம் இதில் வரும், அதனால் ஒன்று இரண்டு என்று எண்ணவும் முடியும். விளையாட்டு வீரர்களுக்கு வருவது இஞ்சுரி, விபத்துச் செய்தியில் வருவதும் இஞ்சுரி.

டேமேஜ் பெரும்பாலும் பொருளுக்கு. கார், கட்டடம், பயிர், போன். மனிதரைப் பற்றிப் பேசும்போது உறுப்புக்கு மட்டும் வரும்: மூளை, ஈரல், செவி நரம்பு. முழு மனிதரையும் "ஹி வாஸ் டேமேஜ்ட்" என்றால் அது மனிதரைப் பழுதான பொருள் மாதிரி பேசுவதாகிவிடும், தவிர்த்துவிடுங்கள். இன்னொன்று, ஆங்கிலத்தில் டேமேஜஸ் என்று ஸ் சேர்த்து நீதிமன்றச் செய்தியில் பார்த்தால் அது சேதங்கள் அல்ல, நீதிமன்றம் கொடுக்கச் சொல்லும் இழப்பீட்டுத் தொகை. மொழிபெயர்ப்பில் இது அடிக்கடி தவறாகப் போகிறது.

சரி, அப்படியானால் ஹார்ம் எதற்கு வரும்? உயிருள்ளவற்றுக்கும், கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கும். மனிதர், விலங்கு, குழந்தையின் வளர்ச்சி, உடல்நலம், சுற்றுச்சூழல், நற்பெயர், உறவு, வாய்ப்பு, பொருளாதாரம். நற்பெயருக்கு ஹார்ம், டேமேஜ் இரண்டும் போகும். காருக்கு ஹார்ம் போகாது, ஏனென்றால் காருக்கு நல்வாழ்வு என்று ஒன்று இல்லை, அது உடையும், நசுங்கும், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: எந்த வினையோடு சேரும், எண்ண முடியுமா

இங்கே தமிழே நமக்குத் துணைக்கு வருகிறது. தீங்கு செய்தான் என்கிறோம், தீங்கு விளைவித்தது என்கிறோம். ஆங்கிலத்திலும் இதே இரண்டுதான்: டூ ஹார்ம், காஸ் ஹார்ம். மேக் ஹார்ம், கிவ் ஹார்ம் கிடையாது. யாருக்கு என்பதை டு போட்டுச் சேர்க்க வேண்டும்: "இட் டிட் கிரேட் ஹார்ம் டு ஹிஸ் ரெப்யுடேஷன்". டூ ஹார்ம் பேச்சிலும் எழுத்திலும் வரும், காஸ் ஹார்ம் கொஞ்சம் அறிக்கைத்தனமாக, மருத்துவ, சட்ட எழுத்தில் அதிகம் வரும்.

பெயர்ச்சொல்லாக வரும்போது தண்ணீர் மாதிரி அதை எண்ண முடியாது. எ ஹார்ம், த்ரீ ஹார்ம்ஸ், மெனி ஹார்ம்ஸ் என்று எழுதாதீர்கள். மச் ஹார்ம், எ லாட் ஆஃப் ஹார்ம், லிட்டில் ஹார்ம், சீரியஸ் ஹார்ம், லாஸ்டிங் ஹார்ம் என்று எழுதுங்கள். அப்படியானால் ஹார்ம்ஸ் என்று பன்மையில் நான் படித்திருக்கிறேனே என்று கேட்பீர்கள். படித்திருப்பீர்கள்தான். கொள்கை, ஆய்வு எழுத்துகளில் கேடுகளை வகைவகையாகப் பிரித்துப் பேசும்போது பன்மை வரும். பிரிட்டிஷ் அரசு 2019ல் இணையத்தில் நடக்கும் கேடுகளைப் பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையின் தலைப்பிலேயே ஆன்லைன் ஹார்ம்ஸ் என்றுதான் இருந்தது. அதன் தொடர்ச்சியாக 2023ல் சட்டமும் வந்தது. அந்தத் துறையில் எழுதும்வரை பன்மையைத் தொடாமல் இருப்பது நல்லது.

நான்காம் படி: தொடர்களை அப்படியே மனதில் ஏற்றுங்கள்

இந்தச் சொல்லை ஆங்கிலேயர்கள் அன்றாடம் அதிகம் பயன்படுத்துவது தீங்கைப் பற்றிப் பேச அல்ல, தீங்கு இல்லை என்று சொல்ல. கவனித்துப் பாருங்கள், பேச்சில் வரும் ஹார்முக்கு முன்னால் பெரும்பாலும் ஒரு நோ ஒட்டிக்கொண்டிருக்கும்.

யாராவது உங்கள் மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டால் "நோ ஹார்ம் டன்" என்பீர்கள். நம் பேச்சில் "பரவாயில்லை, ஒண்ணும் ஆகலை" என்பது. "ஐ மெண்ட் நோ ஹார்ம்" என்றால் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, சொல்லவில்லை. "தேர் இஸ் நோ ஹார்ம் இன் ஆஸ்கிங்" என்றால் கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. "கேட்பதில் தீங்கு இல்லை" என்று தமிழில் எழுதினால் அதைப் படிக்கும்போதே மொழிபெயர்ப்பு என்று தெரிந்துவிடும், ஏனென்றால் தமிழில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "இட் வுடிண்ட் டூ யூ எனி ஹார்ம் டு வாக் எ லிட்டில்" என்று ஒருவர் சொன்னால் நடந்தால் கெடுதல் இல்லை என்று தகவல் தருவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கொஞ்சம் நடக்கலாமே என்று மெதுவாக இடிக்கிறார்.

மோர் ஹார்ம் தேன் குட் என்பது எழுத்தில் மிகவும் பயன்படும் தொடர்: நன்மையைவிடக் கெடுதலே அதிகம். நல்ல எண்ணத்தில் செய்த ஒன்று எதிராகப் போய் முடிந்ததைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான தொடர் இல்லை.

இன் ஹார்ம்ஸ் வே, அவுட் ஆஃப் ஹார்ம்ஸ் வே இரண்டையும் ஜோடியாகக் கற்றுக்கொள்ளுங்கள். முதலாவது, ஆபத்து வரும் வழியில் நிற்பது. இரண்டாவது, அந்த வழியிலிருந்து விலகிப் பத்திரமாக இருப்பது. அமெரிக்கக் கடற்படைத் தளபதி ஜான் பால் ஜோன்ஸ் 1778ல் எழுதிய ஒரு கடிதத்தில் தனக்கு வேகமான கப்பல்தான் வேண்டும், ஏனென்றால் இன் ஹார்ம்ஸ் வே போகப்போகிறேன் என்றார். இன்றும் போர்முனைச் செய்திகளில் வீரர்களையும் செய்தியாளர்களையும் பற்றிச் சொல்லும்போது இந்தத் தொடர் வருகிறது. எழுதும்போது ம்-க்கும் ஸ்-க்கும் நடுவில் மேற்குறி (அப்பாஸ்ட்ரஃபி) போட மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: ஹார்ம்ஃபுல், ஹார்ம்லெஸ், அன்ஹார்ம்ட்

ஹார்ம்ஃபுல் என்றால் கேடு தரக்கூடியது. கடைசியில் ஒரே ஒரு எல்தான். பின்னால் டு சேர்ப்பதே பாதுகாப்பான வழக்கம். பொதுப் பேச்சில் இது ஒரு மங்கலான சொல், லேசான கேட்டுக்கும் போகும், பெரிய கேட்டுக்கும் போகும். ஆனால் ஒரு இடத்தில் இதற்கு மிகக் கறாரான அளவு உண்டு: ரசாயனப் பொருள்களின் லேபிள். உலகம் முழுவதற்கும் ஒரே மாதிரி எச்சரிக்கை வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் வகுத்த முறையில், விழுங்கினால் வரும் ஆபத்து படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மிகக் கொடியவற்றுக்கு "ஃபேட்டல் இஃப் ஸ்வாலோட்", அதாவது விழுங்கினால் மரணம், குறியீடு எச்300. அடுத்த நிலைக்கு "டாக்சிக்", எச்301. அதற்கும் கீழேதான் "ஹார்ம்ஃபுல் இஃப் ஸ்வாலோட்", எச்302. முதல் இரண்டுக்கும் மண்டையோட்டுப் படம் இருக்கும், மூன்றாவதற்கு ஆச்சரியக்குறி மட்டும். அதனால் லேபிளை மொழிபெயர்க்கும்போது ஹார்ம்ஃபுல்லுக்கு நச்சு என்று போட்டுவிட்டால் ஒரு படி மேலே தள்ளிவிடுகிறீர்கள், "கேடு தரும்" என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஹார்ம்லெஸ் என்றால் கேடு செய்யாதது. பாம்புக்குச் சொன்னால் விஷமில்லாதது, நகைச்சுவைக்குச் சொன்னால் யாரையும் புண்படுத்தாதது. மனிதருக்குச் சொல்லும்போது மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். "ஹி இஸ் ஹார்ம்லெஸ்" என்பதில் பாராட்டு குறைவு, "அவர் பாவம், ஒண்ணும் பண்ண மாட்டார், விட்டுவிடு" என்ற தொனிதான் அதிகம். மேலதிகாரியைப் பற்றி நல்லவிதமாகச் சொல்வதாக நினைத்து இதை எழுதிவிடாதீர்கள்.

ஒப்பந்தப் பத்திரங்களில் ஹோல்ட் ஹார்ம்லெஸ் என்று ஒரு தொடர் வரும். இங்கே ஹார்ம்லெஸ் என்பதற்குத் தீங்கு செய்யாதவர் என்ற பொருள் இல்லை, தீங்கு நேராதவர் என்ற பழைய பொருள். எதிர்த்தரப்புக்கு வழக்கோ நஷ்டமோ வந்தால் அது அவர்களைத் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போடுபவர் ஒப்புக்கொள்கிறார். இந்த வரியைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் எங்கேயும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்ஹார்ம்ட் எளிது: விபத்தில் சிக்கி ஒன்றும் ஆகாமல் தப்பியவர். கட்டடத்துக்கு அன்டேமேஜ்ட்.

ஆறாம் படி: துறைக்குத் துறை மாறும் பொருள்

பொதுச் சொல்லாகப் பழகிய பிறகு இதைப் படித்தால் போதும், ஆனால் செய்தியும் அறிக்கையும் படிக்க நினைப்பவர்கள் தவிர்க்க முடியாது.

சட்டத்தில் ஆரம்பிக்கலாம். இங்கிலாந்தில் 1861ல் இயற்றப்பட்ட, உடலுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டத்தில் ஏக்சுவல் பாடிலி ஹார்ம், கிரீவஸ் பாடிலி ஹார்ம் என்று இரண்டு நிலை உண்டு, இரண்டாவது கடுமையானது. செய்திகளில் ஏபிஎச், ஜிபிஎச் என்று சுருக்கியிருப்பார்கள். பாடிலி என்றால் உடல் சார்ந்தது, அப்படியானால் ஒருவரைத் தொடவே இல்லை என்றால் இந்தக் குற்றம் வருமா? 1997ல் இந்தக் கேள்வி, அப்போது அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவைக்கே போனது. ஒருவர் பெண்களுக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைத்து, ஒரு வார்த்தையும் பேசாமல் மௌனமாக இருந்திருக்கிறார், அவர்கள் மனநோய்க்கு ஆளானார்கள். மருத்துவர்கள் அடையாளம் காணக்கூடிய மனநோயும் பாடிலி ஹார்ம்தான் என்று தீர்ப்பு வந்தது. இந்தச் சொல்லின் அகலத்தை இந்த ஒரு வழக்கு காட்டுகிற மாதிரி எந்த அகராதியும் காட்டாது.

இந்தியச் சட்டத்திலும் பார்க்கலாம். 1860ன் தண்டனைச் சட்டம் இஞ்சுரி என்பதை விளக்கும்போது ஒருவருடைய உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகியவற்றுக்குச் சட்டவிரோதமாக விளைவிக்கப்படும் எந்த ஹார்மும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதையே வைத்திருக்கிறது. முன்பு நாம் இஞ்சுரி என்றால் காயம் என்று பார்த்தோம் இல்லையா, சட்டத்துக்குள் வந்தவுடன் அது இப்படி விரிந்துவிடுகிறது. அதனால் சட்ட வாசகத்தைப் படிக்கும்போது அந்தச் சட்டத்தின் விளக்கப் பிரிவை முதலில் பாருங்கள், பேச்சுப் பொருளைக் கொண்டுவந்து பொருத்தாதீர்கள்.

பாதுகாப்புத் துறையில் ஹாசர்ட், ரிஸ்க், ஹார்ம் மூன்றும் வரும், மூன்றையும் ஆபத்து என்றே மொழிபெயர்த்தால் அறிக்கை முழுதும் குழம்பிவிடும். சர்வதேசத் தர அமைப்புகளின் வழிகாட்டி 51 இதைத் தெளிவாகப் பிரிக்கிறது: ஹார்ம் என்பது நேரும் கேடு, ஹாசர்ட் என்பது கேட்டுக்கு மூலமாகக்கூடியது, ரிஸ்க் என்பது அந்தக் கேடு நேரும் வாய்ப்பும் அதன் கடுமையும் சேர்ந்தது. தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்தால் அது ஹாசர்ட். ஆள் நடமாட்டம் அதிகமான வழி என்றால் ரிஸ்க் அதிகம். ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அது ஹார்ம்.

மருத்துவத்தில் டூ நோ ஹார்ம் என்ற விதி எல்லோரும் கேள்விப்பட்டது. இது ஹிப்பாக்ரடீஸ் உறுதிமொழியில் இருக்கிறது என்று பலர் எழுதுகிறார்கள். அதே வடிவில் அதில் இல்லை. ஹிப்பாக்ரடீஸ் பெயரில் வழங்கும் கொள்ளைநோய்கள் பற்றிய வேறொரு நூலில்தான், உதவு, இல்லாவிட்டால் கேடாவது செய்யாதே என்ற கருத்து வருகிறது. ஹார்ம் ரிடக்ஷன் என்று இன்னொரு சொல், 1980களில் எச்ஐவி பரவியபோது வலுப்பெற்றது: போதை ஊசி போடுபவரால் உடனே அதை விட முடியாவிட்டாலும் சுத்தமான ஊசியாவது கிடைக்கட்டும் என்ற அணுகுமுறை. தமிழில் தீங்குக் குறைப்பு என்று எழுதலாம்.

செல்ஃப் ஹார்ம் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வதை இது குறிக்கிறது. இதைத் தற்கொலை முயற்சி என்று மொழிபெயர்க்காதீர்கள், எல்லா நேரத்திலும் இரண்டும் ஒன்றல்ல, தவறான சொல் அந்த மனிதரைப் பற்றித் தவறான செய்தியைப் பரப்பிவிடும். அதேசமயம் உங்களுக்குத் தெரிந்த ஒருவர் இந்தச் சொல்லைத் தன்னைப் பற்றிச் சொன்னால் மொழியை விட்டுவிட்டு அவரோடு உட்கார்ந்து பேசுங்கள், மருத்துவ உதவிக்கு வழி செய்யுங்கள்.

கடைசிப் படி: செய்து பாருங்கள்

கீழே உள்ளதை விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் யோசித்துப் பாருங்கள். புயலில் கூரை சேதமடைந்தது: டேமேஜ். விளையாடும்போது அவளுக்கு முட்டியில் அடிபட்டது: இஞ்சுரி, வினையாக இன்ஜர்ட். நீ சொன்னது எனக்கு வலித்தது: ஹர்ட். அந்த வதந்தி அவர் தொழிலைக் கெடுத்துவிட்டது: ஹார்ம்ட், இங்கே டேமேஜ்ட் என்றாலும் சரி. நாய் குரைக்கும், ஆனால் ஒன்றும் செய்யாது: ஹார்ம்லெஸ். குழந்தைகளை அடுப்பங்கரைப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொள்: அவுட் ஆஃப் ஹார்ம்ஸ் வே.

அப்புறம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போவதோடு நிறுத்தாமல் எதிர்ப்பக்கமும் பழகுங்கள். ஆங்கிலச் செய்தி படிக்கும்போது ஹார்ம் வரும் வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள், ஆனால் ஒவ்வொரு தடவையும் தீங்கு என்றே போடாதீர்கள். உடல்நலத்துக்குக் கேடு, பெயருக்குக் களங்கம், அமைதிக்குக் குந்தகம், பயிருக்குச் சேதம், குழந்தைகளுக்குப் பாதிப்பு என்று தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறது. சில இடங்களில் பெயர்ச்சொல்லே தேவைப்படாது: "இட் வில் ஹார்ம் யுவர் ஐஸ்" என்பதற்குக் கண் கெட்டுப்போகும் என்றால் போதும்.